குலுக்கலின் வரலாறு

அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்தால் அது வில்வண்டி. வைக்காவிட்டால் கட்டைவண்டி. கட்டைவண்டியில் நெல்லும் எருவும் போகும், வில்வண்டியில் பண்ணையார் போவார். 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஒரு வில்வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நடந்து போயிருந்தாலும் அது போராட்டம்தான். ஆனால் குலுங்காமல் உட்கார்ந்து போவது யாருடைய உரிமை என்ற கேள்வியையும் அந்த வண்டி சேர்த்தே கேட்டது. சஸ்பென்ஷனின் வரலாற்றை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

வில்லுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருமுறை அமுக்கிவிட்டால் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். மாடு இழுக்கும் வேகத்தில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே அந்த ஆட்டம் அடங்கிவிடும். மோட்டார் வண்டியின் வேகத்தில் அடங்காது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் உராய்வுத் தட்டுகளை வைத்து அதை அடக்கப் பார்த்தார். சில ஆண்டுகளில் ஹூதாய் எண்ணெயை வைத்துச் செய்தார். பிறகு வந்ததுதான் இன்று நாம் பார்க்கும் குழாய் வடிவ ஷாக் அப்சார்பர். பெயரே தப்பு, பாருங்க. அதிர்ச்சியை வாங்குவது வில். இது வில்லின் ஆட்டத்தைத்தான் அடக்குகிறது.

உள்ளே நடப்பது முறுக்குப் பிழிகிற வேலை. எண்ணெய் நிறைந்த குழாய், அதற்குள் சிறு துளைகள் உள்ள பிஸ்டன். துளை சிறியதானால், மாவு கெட்டியானால் கை வலிக்கும். இங்கே அந்த வலி வெப்பமாக மாறி வெளியேறுகிறது. கரடுமுரடான பாதையில் அரைமணி நேரம் ஓடிய ஜீப்பின் ஷாக் அப்சார்பரைத் தொட்டால் கை சுட்டுவிடும்.

1941இல் வந்த வில்லிஸ் ஜீப்பில் பட்டை வில்லும் இந்த எண்ணெய்க் குழாயும் இருந்தன. போரில் லட்சக்கணக்கில் ஜீப்புகள் செய்தார்கள். போர் முடிந்ததும் எஞ்சியவை ஆசியா முழுக்க விலைக்கு வந்தன. மணிலாவில் அவற்றை நீட்டி, பெஞ்சு போட்டு ஜீப்னி ஆக்கினார்கள். பட்டறை வைத்திருந்தவன் பொறியாளன் ஆன காலம் அது.

சிங்கப்பூரில் ராணுவத்தின் மிச்சங்கள் கிடைத்த இடம் சுங்கை ரோடு. தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். இந்த வட்டாரமே ஒருகாலத்தில் மாட்டுச் சந்தை. கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு என்று ஒரே எருமைக்கு இரண்டு மொழிகளில் இரண்டு தெருக்கள் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மாடு போனது, மோட்டார் வந்தது. ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகக் கடைகளும் ஹார்டுவேர் கடைகளும் வரிசை பிடித்தன. 1930களிலேயே தொடங்கிய சுங்கை ரோடு சந்தைக்குத் ‘திருட்டுச் சந்தை’ என்று பெயர் விழுந்தது. தரையில் துணி விரித்து எதை வேண்டுமானாலும் விற்றார்கள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பும்வரை இந்தத் தீவில் ராணுவச் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை.

காசில்லாதவன் ஷாக் அப்சார்பரை மாற்றியமைக்கும் வழிகள் உலகமெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குழாயில் துளையிட்டுப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, மோட்டார்சைக்கிளின் முன்ஃபோர்க்குக்கு ஊற்றும் கெட்டியான எண்ணெயை ஊற்றி அடைப்பது முதல் வழி. மலிவு, ஆனால் அரைகுறை. மெதுவான ஆட்டம் அடங்கும், வேகமாக வரும் சின்னக் குழிகள் முன்பைவிட முரட்டுத்தனமாக முதுகில் இறங்கும். இரண்டாவது, பிஸ்டனைக் கழற்றி, துளைகளை மூடியிருக்கும் மெல்லிய எஃகு வட்டத்தகடுகளைக் கூட்டிக் குறைப்பது. கலை இருப்பது இதில்தான். தாளைப்போல மெல்லிய ஒரு தகட்டை எடுத்துவிட்டால் வண்டியின் குணமே மாறும். மூன்றாவது, சக்கரத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர். வெப்பத்தை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள்.

எண்ணெயும் காற்றும் ஒரே இடத்தில் இருந்தால் மேடுபள்ளத்தில் கலங்கி நுரைத்துவிடும். நுரையைப் பிழிய என்ன பலம் வேண்டும்? அடக்குவதற்கு ஆளில்லாமல் வண்டி துள்ளும். த கார்போன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1950களில் நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்றை வைத்து, வாயுவைத் தனியே பிரித்து அழுத்தத்தில் அடைத்தார். அருமையான தீர்வு. ஆனால் அதோடு வீட்டுப் பட்டறைக்காரனின் துளையிடும் கருவிக்கு வேலை முடிந்தது. கார் டயரில் உள்ளதைப்போலப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும் குழாயில் துளை போடுவது தற்கொலைக்குச் சமம்.

சிங்கப்பூரில் அந்தக் கையை முடக்கியது தொழில்நுட்பம் மட்டுமில்லை. 1960இல் தொடங்கிய வீவக, கம்பத்து வீடுகளிலிருந்து ஜனங்களை அடுக்குமாடிக்குக் கொண்டுபோனது. இன்று முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அங்கேதான். பன்னிரண்டாவது மாடியில் வீடு, வண்டி நிற்பதோ பொது வாகன நிறுத்துமிடத்தில். ஜாக்கி வைத்து, எண்ணெய் வடித்து, சாமான்களைப் பரப்பி வைக்க முற்றம் ஏது? 1990 மே மாதம் சிஓஇ வந்தது. பத்தாண்டுகள் வண்டி வைத்திருக்கும் உரிமையைத் தனியாக ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அது 1.5 லட்சம் வெள்ளியைத் தொட்டது. காரின் விலை வேறு. பத்தாண்டு முடிந்தால் மறுபடி பணம் கட்டு, இல்லாவிட்டால் அழி அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பு. இப்படி ஒரு கணக்குக்குள் ‘குறைந்த செலவில் வண்டியைச் சீர்செய்தல்’ என்ற பேச்சே வேடிக்கையாகிவிடுகிறது. சிங்கப்பூரின் சாலைகள் நெரிசலில் திணறாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கும் காரணம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பழையதைத் திறந்து பார்க்கும் பழக்கம் அதற்குக் கொடுத்த விலை. எம்ஆர்டி நிலையக் கட்டுமானத்துக்காக 2011இல் பாதியாகச் சுருங்கிய சுங்கை ரோடு சந்தை, 2017 ஜூலை 10 அன்று ஒரேயடியாக மூடப்பட்டது. சேற்றுப் பிரியர்கள் கடற்பாலம் தாண்டி ஜோகூருக்குப் போகிறார்கள். காடும் அங்கே, மலிவான பட்டறையும் அங்கே.

தீவுக்குள் தினமும் குலுங்குகிறவர்கள் வேறு ஆட்கள். லாரியின் பின்தட்டில் வேலையிடத்துக்குப் போகும் தொழிலாளர்கள், அவர்களில் நம்மூர்ப் பையன்கள் ஏராளம். அந்த லாரியின் பட்டை வில் டன் கணக்கில் சரக்கு ஏற்றினால்தான் வளையும். பத்துப் பேரின் எடைக்கு அசையவே அசையாது. அங்கே எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பரை மாட்டினாலும் பெரிய பயனில்லை. வில் வளையாவிட்டால் அடக்குவதற்கு ஆட்டம் எங்கே இருக்கிறது? பள்ளம் நேராக முதுகெலும்புக்குப் போகிறது. கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் சட்டப்படி கட்டாயம், பின்தட்டில் ஆள் ஏற்றுவதும் சட்டப்படி சரி. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நின்றிருந்த ஒரு டிப்பர் லாரிமீது தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி மோதி இருவர் இறந்தபோது இந்த விவாதம் பெரிதாக எழுந்தது. 2023இலும் எழுந்தது. பின்தட்டுப் பயணத்தை முற்றிலும் தடை செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்றது அரசு.

காலையில் சிராங்கூன் ரோடு சிக்னலில் நிற்கும் லாரிகளைக் கவனியுங்கள். சிலர் மடித்த அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருப்பார்கள். சிலரிடம் எங்கிருந்தோ பிடித்துவந்த ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கும். இறங்கும்போது அதைச் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொள்கிறார்கள்.