மஞ்சள் காமாலை காட்டிக் கொடுத்த மருந்து

காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்க முடியாது. சட்டைப் பொத்தானைப் போடக்கூட இன்னொருவர் வேண்டும். முடக்குவாதம் வந்தவர்களுக்குப் பொழுது இப்படித்தான் விடியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதற்கு ஆஸ்பிரின், ஒத்தடம், ஓய்வு, தங்க உப்பு ஊசி என்று சில வழிகளே இருந்தன. வந்தால் போகாத நோய் என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள்.

1929ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக்கில், டாக்டர் பிலிப் ஹென்ச்சிடம் ஒரு நோயாளி விசித்திரமான செய்தி ஒன்றைச் சொன்னார். மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து அவருடைய மூட்டுவலி குறைந்துவிட்டதாம்! ஹென்ச் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. காமாலை வந்த மற்ற நோயாளிகளையும் கவனித்தார். கர்ப்பமான பெண்கள் சிலருக்கும் வலி குறைவதைக் கண்டார். அப்படியானால் இந்த நோயைத் திருப்ப முடியும். உடம்பே சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் அதைச் செய்கிறது. அதற்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

அதே மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டால் என்ற வேதியியலாளர், மாடுகளின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பல பொருட்களைப் பிரித்துக் கொண்டிருந்தார். அவற்றில் ஒன்று 'காம்பவுண்ட் ஈ'. சுவிட்சர்லாந்தில் ரெய்க்ஸ்டைனும் இதே வேலையில் இருந்தார். காம்பவுண்ட் ஈயை நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று 1941லேயே ஹென்ச்சும் கெண்டாலும் பேசினார்கள். ஆனால் கொடுக்கும் அளவுக்குச் சரக்கு இல்லை! 1944ல் மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைத் தயாரித்துக் காட்டினார்.

1948 செப்டம்பர் 21. நடமாட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு 100 மில்லிகிராம் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் விறைப்பு தளர்ந்தது. ஒரே வாரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய் வந்தார்! 1949ல் செய்தி வெளியானதும் உலகமே பரபரப்பானது. மருந்துக்குக் கார்ட்டிசோன் என்று பெயரிட்டார்கள். 1950ல் ஹென்ச், கெண்டால், ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியை நிறுத்தினால் வலி திரும்பி வந்தது. தொடர்ந்து போட்டால் முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, வயிற்றில் புண் வந்தது, சிலருக்கு மனநிலையே மாறியது. 1952ல் அப்ஜான் நிறுவனம் ஒரு பூஞ்சையின் உதவியோடு தயாரிப்பை எளிதாக்கியது. விலை இறங்கியது, பயன்பாடு பெருகியது, பக்கவிளைவுகளும் பெருகின. வலியை அடக்குவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு என்று மருத்துவ உலகம் பட்டுத்தான் தெரிந்து கொண்டது.

பிறகு நோயின் வேகத்தையே குறைக்கும் மருந்துகள் வந்தன. மெத்தோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்குத் தர 1988ல் அமெரிக்கா அனுமதித்தது. அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு தருகிறார்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. ஏனென்றால் அதற்குள் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும்.

அரசனாக வந்த கார்ட்டிசோன் இன்று துணைக்கு நிற்கும் சேவகன். ஆனால் முடங்கிய மூட்டு மறுபடி அசையும் என்று முதலில் காட்டியது அதுதான். ஒரு நோயாளி சொன்னதை ஒரு மருத்துவர் காது கொடுத்துக் கேட்டதால் வந்த மருந்து அது!