ஆடி ஒண்ணு: ஒரு தேங்காயும் எட்டுப் பங்கும்

ஆடி முதல் தேதி எங்க ஊர்ல தேங்காய் சுடுவோம்னு சொன்னா, சென்னை நண்பர்கள் "தேங்காயை உடைப்பாங்க, சுடுவாங்களா?"ன்னு கேட்பாங்க. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தைத் தாண்டினா இந்த நோம்பி அவ்வளவாத் தெரியாது. (நோம்பின்னா பட்டினி கிடக்கிறது இல்லீங்க. எங்க பக்கம் எல்லாப் பண்டிகையும் நோம்பிதான்.)

முத்தின காயா எடுத்து, நாரைச் சுத்தமா உரிச்சு, ஓட்டை வழவழன்னு தேய்க்கணும். மூணு கண்ணுல ஒண்ணைத் தொறந்து தண்ணியை வடிச்சு வச்சுக்கணும். உள்ள பச்சரிசி, பாசிப்பருப்பு, எள்ளு, பொட்டுக்கடலை, வெல்லம், ஏலக்காய் போட்டு, வடிச்ச தண்ணியில கொஞ்சம் திரும்ப ஊத்தி, கூராச் சீவின அழிஞ்சிக் குச்சியைக் கண்ணுல சொருகணும். மஞ்சள் தடவி, வாசல்ல தீ மூட்டி, திருப்பித் திருப்பிச் சுட்டா ஓடு கருகி வெடிக்கும். அரிசியும் பருப்பும் இளநீர்லயும் வெல்லப் பாகுலயும் வெந்திருக்கும். பிள்ளையாருக்குப் படைச்சுட்டுத்தான் வாயில போடறது. அந்தப் புகை வாசம் கேஸ் அடுப்புல வராது.

பாரதப் போர் ஆடி 1ல தொடங்கி 18ல முடிஞ்சதாம். தர்மம் ஜெயிக்கணும்னு பிள்ளையாரை வேண்டிச் சுட்டதுதான் இதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கதை இருக்கட்டும். எனக்கு இது உழவுக் காலண்டராத்தான் தெரியுது. ஆடிப்பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கிற நேரம், காவிரியில புதுத்தண்ணி வர்ற நேரம். கையில வேலை இறுகறதுக்கு முன்னாடி சொந்தபந்தம் கூடற நாள். புதுசா கட்டிக் குடுத்த பொண்ணையும் மாப்பிள்ளையையும் தலை ஆடிக்குன்னு அழைச்சுட்டு வர்றதும் அப்பத்தான்.

ஆனா அந்தக் காலத்துல தேங்காய் இப்ப மாதிரி கிடைக்கிற பொருள் இல்லை. காவிரிக்கரை ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் பக்கம் வாய்க்கால் பாசனம் உண்டு. மத்த இடமெல்லாம் மேட்டாங்காடு. கிணத்துல மாடு கட்டிக் கவலை இறைச்சு எத்தனை தென்னைக்குத் தண்ணி விடமுடியும்? மேட்டூர் அணை 1934ல திறந்தாங்க, 1937ல அங்க மின்சாரம் எடுத்தாங்க. பிறகு கம்பி ஊர் ஊரா வந்து, கவலை போயி பம்புசெட் ஆச்சு. தென்னை பரவினது அதுக்கப்புறம்தான்.

எங்க ஆயா சின்னப் பிள்ளையா இருந்தப்ப வீட்டுக்கு ஒரே காய். எட்டுப் பேருக்கு எட்டுச் சில்லு. பக்கத்து வீட்டுக்கும் ஒரு சில்லு போகணும், அங்கிருந்து ஒண்ணு வரணும். ராகிக் களியும் கம்மஞ்சோறும் தின்ன வாய்க்கு நெல்லஞ்சோறு நோம்பி அன்னிக்கு மட்டும்தான்.

"அப்பெல்லாம் எல்லாரும் பகிர்ந்து தின்னாங்க"ன்னு பேசறவங்க ஒண்ணை விட்டுடறாங்க. அதையும் ஆயாதான் சொல்லும். வருஷக் கூலியைத் தானியமா வாங்கிட்டு வேலை செஞ்ச பண்ணையத்து ஆளுங்க வாசல் தீக்குப் பக்கத்துல வரமுடியாது. பொழுது சாயறப்ப பொடக்காளிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால, அவங்க கொண்டாந்த ஏனத்துல நோம்பிச் சோறு விழும். காட்டுக்குப் போயி அழிஞ்சிக் குச்சி வெட்டிட்டு வந்ததும், விறகு பொளந்ததும் அவங்கதான். சாதி பாத்துத்தான் பங்கு.

இதை மாத்தினது யாரோட நல்ல மனசும் இல்லை. 1967 தேர்தல்ல படியரிசி பெரிய பேச்சு. 2008ல ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011லருந்து விலையில்லாமலே. திருச்செங்கோட்டு ரிக் வண்டி, நாமக்கல் லாரி, பள்ளிபாளையம் தறின்னு காசுக் கூலி வந்தது. ஒரு தலைமுறை பிள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சு. பொடக்காளிக்கு ஏனம் தூக்கிட்டு வர்றது எங்க ஊர்ல என் கண்ணு முன்னாலதான் நின்னுச்சு. "இப்ப ஒருத்தரும் வர்றதில்லை"ன்னு சில பெருசுங்க குறைப்பட்டாங்க. வராதது எனக்குச் சந்தோஷம்தான்.

இப்ப குழந்தைக்கு ஒரு காய். அவனவன் காயை அவனவனே சுட்டு, பாதி தின்னு பாதியை வச்சுடறான். சில்லு குடுத்து வாங்கற வழக்கம் தேய்ஞ்சுபோச்சு, அது எனக்கு வருத்தம். ஊரைத் தாண்டி இருக்கற காலனியிலும் அன்னிக்குச் சாயங்காலம் வாசலுக்கு வாசல் தீ எரியுது. போன வருஷம் என் பையன் அவங்கூடப் படிச்சவன் வீட்டுல போயி அங்க சுட்ட காயைத் தின்னுட்டு வந்தான். எங்க வீட்டுக் காயைவிட அதுல எள்ளு தூக்கலா இருந்ததாம்.