விற்பவருக்கு மதிப்பெண்: ஈபே தளத்தின் திருத்தங்கள்

1995 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிட்யார் தொடங்கிய ‘ஆக்‌ஷன்வெப்’ என்னும் ஏலத் தளமே பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்றது. முன்பின் அறியாத இருவரில் ஒருவர் முதலில் பணத்தை அனுப்பிவிட்டு, மற்றவர் பொருளை அனுப்புவார் என்று நம்பிக் காத்திருக்க வேண்டிய இவ்வணிகத்தில் எழுந்த சச்சரவுகளையெல்லாம் ஒருவரே தீர்த்துவைப்பது இயலாது என்பதால், 1996 பிப்ரவரியில் ஒமிட்யார் அந்தப் பொறுப்பைப் பயனர்களிடமே ஒப்படைத்தார். ஒருவர் மற்றவரைப் பற்றி நிறை, நடுநிலை, குறை என்ற மூன்றில் ஒன்றைப் பதிந்து ஒரு வரிக் குறிப்பும் எழுதலாம். நிறைக்கு ஒரு புள்ளி கூடும், குறைக்கு ஒரு புள்ளி கழியும். தொடக்கத்தில் கொடுக்கல் வாங்கலே நடத்தாதவரும் மதிப்பிட முடிந்தது. இந்தத் தளர்வு பின்னர் நீக்கப்பட்டு, நடந்து முடிந்த வணிகத்தோடு மதிப்பீடு பிணைக்கப்பட்டது.

பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகிய ஆய்வாளர்கள் 1999-ஆம் ஆண்டின் ஈபே வணிகத் தரவுகளை ஆராய்ந்தபோது, வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே மதிப்பிட்டிருந்தனர் என்பதும், அம்மதிப்பீடுகளில் 99.1 விழுக்காடு நிறையாகவே இருந்தன என்பதும் தெரியவந்தன. எந்த ஊர்ச் சந்தையும் இவ்வளவு யோக்கியமாக நடந்ததில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் மதிப்பிடலாம் என்ற விதியே இதற்குப் பெருங்காரணம்: வாங்கியவர் வாய் திறக்கும்வரை விற்றவர் காத்திருந்து, நிறைக்கு நிறை, குறைக்குக் குறை என்று மொய்க் கணக்குப்போலத் திருப்பிச் செலுத்த முடிந்தது. உடைந்த பொருளைப் பெற்றவர்கூடத் தம் பெயரில் குறை விழுமோ என்று அஞ்சிப் பேசாமல் இருந்துவிடுவதே புத்திசாலித்தனமாக இருந்தது.

இந்த அச்சத்தைப் போக்கும் முதல் முயற்சியாக, 2007-இல் விரிவான விற்பனையாளர் மதிப்பீடு என்னும் முறை புகுத்தப்பட்டது. பொருள் விவரிப்புக்கு ஒத்திருந்ததா, தகவல் பரிமாற்றம் எப்படி, அனுப்பிய வேகம், அனுப்பும் கட்டணம் ஆகிய நான்கு கூறுகளுக்கும் வாங்கியவர் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரமிடுவார்; சராசரி மட்டுமே வெளியாவதால், இட்டவர் யாரென விற்றவர் அறிய முடியாது. 2008 மே மாதத்தில் ஈபே இன்னும் ஒரு படி மேலே சென்று, விற்பவர் வாங்குபவருக்குக் குறையோ நடுநிலையோ இடும் உரிமையையே பறித்தது. விற்பனையாளர்கள் கொதித்தெழுந்தனர், பணம் கட்டாமல் ஏமாற்றும் வாங்குபவரைப் பற்றிப் பிறரை எச்சரிக்க வழியில்லை என்ற அவர்களின் முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் க்ளைன், லாம்பெர்ட்ஸ், ஸ்டால் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திருத்தத்துக்குப் பின் வாங்குவோரின் மனநிறைவு உயர்ந்தது. மோசமான விற்பனையாளர்கள் கூட்டமாக வெளியேறியதால் இது நிகழவில்லை, இருந்தவர்களே ஒழுங்காக நடக்கத் தொடங்கியதால் நிகழ்ந்தது.

எஞ்சி நின்றது மௌனம். அதிருப்தியுற்ற பலர் குறை எழுதாமல் ஒதுங்கிப்போவதால் நிறை விழுக்காடு தொடர்ந்து நூறை ஒட்டியே நின்றது. நாஸ்கோ, டாடெலிஸ் என்னும் பொருளியலாளர்கள், ஒரு விற்பனையாளர் பெற்ற நிறைகளை அவரது மொத்த விற்பனை எண்ணிக்கையால் வகுத்து, அதாவது பேசாதவர்களையும் கணக்கில் சேர்த்து, புதிய அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். அது ஈபேயின் தேடல் வரிசையில் சோதித்துப் பார்க்கப்பட்டபோது, தரமான விற்பனையாளர்களை முன்னே கண்ட வாங்குபவர்கள் அத்தளத்துக்குத் திரும்பி வருவது கூடியது. கால் நூற்றாண்டில் ஈபே செய்த திருத்தங்களுள், புகழ்ச்சியை எண்ணுவதைவிட மௌனத்தை எண்ணிய இந்தச் சிறு கணக்கே நுட்பமானது.