ஏட்டுரிமையும் பொறியுரிமையும்

நூலொன்றைப் படியெடுக்கவும் திருத்தவும் உரிமை பெற்றிருத்தல் ஒன்று. திருத்திய நூலை வழங்கும் கருவியைப் பெற்றிருத்தல் பிறிதொன்று. இவ்விரண்டும் பிரிந்து நிற்கக்கூடும் என்பதை யாழ்ப்பாணத்து அச்சு வரலாறு தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் எழுத்தறிவு சிலர்க்கே வாய்த்தது. எனினும், எழுத்தறிந்தோர்க்கு ஓலையும் எழுத்தாணியும் எளிதிற் கிட்டின. படியெடுப்போனே பாடத்தைத் திருத்தவும் கூடும். அச்சுப்பொறி இந்நிலையை மாற்றியது.

1816இல் குடாநாட்டிற் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனுக்கு 1820இல் ஜேம்ஸ் கரெற் என்னும் அச்சாளர் வந்து சேர்ந்தார். அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பான்ஸ் அவர் இலங்கையில் தங்க இசையவில்லை. கரெற் பம்பாய் சென்றார். அச்சுப்பொறி நல்லூரிலிருந்த ஆங்கிலேய மிஷனின் கைக்கு மாறியது. 1834இலேயே அமெரிக்க மிஷன் மானிப்பாயில் தன் அச்சுப்பணியைத் தொடங்க முடிந்தது. 1841இல் ‘உதயதாரகை’ தோன்றியது.

மிஷன் அச்சகங்கள் நூல்களைப் பெருக்கின என்பதில் ஐயமில்லை. ஆயினும், எதனை அச்சிடுவது என்னும் முடிவு பொறிக்குரியோரிடமே இருந்தது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் இதனை நன்குணர்ந்திருத்தல் வேண்டும். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், அடுத்த ஆண்டே சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கி வந்தார். வித்தியாநுபாலன யந்திரசாலை இவ்வாறு எழுந்தது.

இதே சிக்கல் கணினி யுகத்தில் வேறு வடிவிற் றோன்றியது. றிச்சட் ஸ்ரோல்மன் வகுத்த பொது உரிமம் (1989, 1991) மென்பொருளின் மூலநிரலைப் பெறவும் திருத்தவும் பகிரவும் வழிசெய்தது. அமெரிக்காவின் ரிவோ நிறுவனம் தன் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியில் லினக்ஸைப் பயன்படுத்தி, உரிமத்தின்படி மூலநிரலையும் வெளியிட்டது. ஆனால், நிறுவனத்தின் மின்னொப்பம் இல்லாத, பிறர் திருத்திய நிரலை அக்கருவி இயக்க மறுத்தது. 2007 யூனில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளிற் றிருத்திய நிரலை நிறுவுதற்குரிய தகவலையும் வழங்க வேண்டும் என விதித்தது. பொறியின் அமைப்பு அதனைச் செய்தோரின் உரிமை என்று கருதிய லினஸ் ரோவால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை. லினக்ஸின் கருநிரல் இரண்டாம் பதிப்பிலேயே நிலைத்தது.

அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், தனக்கெனப் பொறி வாங்கும் வழி நாவலருக்குத் திறந்திருந்தது. விலைகொடுத்து வாங்கிய பொறியே வாங்கியவனுக்குப் பணிய மறுப்பின், ஏட்டில் வழங்கிய உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.