பிரதி: வக்கீல் ஆபீசின் ஒரு சிறு வரலாறு

நம் இலக்கியத்தில் பதிவாகியிருக்கும் வழக்குகளில் ஆவணத்தைப் பற்றி மிகக் கூர்மையாகப் பேசுவது சுந்தரர் வழக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை எழுதுகிறார். கல்யாணப் பந்தலுக்குள் நுழையும் ஒரு கிழவர், மாப்பிள்ளை தனக்கு அடிமை என்கிறார். பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை கையில் இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே அவர், கிழிக்கப்பட்டது படியோலைதான், மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அதை எடுத்து நீட்டுகிறார். சபையார் காப்பில் இருந்த, பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம்.

இதைப் பக்திக் கதையாக வாசித்தே பழகிவிட்டோம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இதில் மூன்று கேள்விகள் கிடக்கின்றன. மூலம் யார் கையில் இருக்கிறது? எதிராளிக்குப் பிரதி கிடைக்குமா? ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு தரப்புக்கும் பொதுவான இடத்தில் இன்னோர் ஓலை இருக்கிறதா? ஓலை போய்த் தாள் வந்து, தாள் போய் இன்று வக்கீல்களின் கையில் டேப்லட் வந்துவிட்டது. கேள்விகள் மட்டும் அந்த மூன்றுதான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளின் வரலாறு.

‘பிரதி’ என்ற சொல் நம் சிறுபத்திரிகைகளில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் படாத பாடு பட்டுவிட்டது. ஆசிரியன் இறந்த பிறகு மிஞ்சுவது பிரதி, வாசிக்க வாசிக்கப் பெருகுவது பிரதி என்றெல்லாம் எழுதித் தீர்த்தோம். ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போய்ப் பிரதி என்று சொல்லிப் பாருங்கள். ‘எத்தனை செட்டு?’ என்றுதான் கேட்பார். அவருக்குப் பிரதி என்றால் நகல். கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, ஆபீஸ் கட்டுக்கு ஒன்று. பிரதியின் அரசியலைப் பேசிய நாம் இந்தப் பிரதியைக் கவனிக்கவே இல்லை. அதிகாரம் குடியிருந்ததோ இங்கேதான்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. அதே ஆண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பாடப்புத்தகம் சொல்கிற அதே மனிதர்தான். நீதிமன்றப் பதிவறையிலும் மொழிபெயர்ப்பிலும் உழன்றவருக்கு, தீர்ப்பைப் படிக்க முடியாதவன் அந்தத் தீர்ப்புக்கு வெளியே நிற்கிறான் என்பது தெரிந்திருக்கிறது. மேலே ஆங்கிலம் நிலைபெற்ற ஆண்டிலேயே கீழே ஒரு தமிழ்ப் பிரதி தயாரானது தற்செயலாக இருக்கலாம். அதற்குப் பிறகு நடந்தது முழுவதும் இந்த இரண்டு பிரதிகளுக்கும் இடையிலான இழுபறி.

1872-இன் சாட்சியச் சட்டம் சேக்கிழாரின் பாகுபாட்டையே வேறு மொழியில் எழுதியது. மூலம் முதல்நிலைச் சான்று, நகல் இரண்டாம்நிலைச் சான்று. மூலம் தொலைந்தாலோ, எதிராளி கையில் இருந்து அவர் தர மறுத்தாலோதான் நகலுக்கு மரியாதை. இந்தப் பாகுபாட்டின் மேல் ஒரு தொழிலே எழும்பியது. கையால் எழுதும் காப்பியிஸ்ட், நகல் மனு, முத்திரைத்தாள், சான்றிட்ட நகல். அப்புறம் டைப்ரைட்டர் வந்தது. கார்பன் தாளை இடையில் வைத்து அடித்தால் ஒரே அடியில் நாலைந்து பிரதி. கடைசிப் பிரதி மங்கலாகத்தான் விழும். அந்த மங்கல் பிரதி பெரும்பாலும் கட்சிக்காரருக்கு. ஆர். முத்தையா 1930களில் தமிழுக்கு விசைப்பலகை வகுத்துத் தந்தும், வக்கீல் ஆபீசில் ஒலித்தது அதிகமும் ஆங்கில மெஷின்தான். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கீழ் நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தரும் திருத்தம் வர 1976 ஆயிற்று. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அத்தகைய கோரிக்கைகளை ஏற்பதில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு முடிவெடுத்தது.

இந்த இடைக்காலத்தில் சத்தமில்லாமல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1955-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, போலீஸ் தன் வழக்குக்கு ஆதாரமாக நம்பும் ஆவணங்களின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சேர்த்தார்கள். 1973-இன் சட்டத்தில் அது 207-ஆம் பிரிவு. நம்மூர்ச் சிறைகளில் எத்தனையோ தோழர்கள் இந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு எதிராக என்னதான் எழுதியிருக்கிறான் என்று வரிவரியாகப் படித்திருக்கிறார்கள். சுந்தரர் கிழித்த படியோலையைத் திரும்ப ஒட்டிக் கையில் கொடுத்தது மாதிரி இந்தப் பிரிவு.

ஜெராக்ஸ் வந்ததும் காப்பியிஸ்டின் காலம் முடிந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் டைப்பிஸ்டுகள் கீபோர்டுக்கு மாறினார்கள். தமிழில் அடித்தவர்கள் பாடு பெரும்பாடு. ஒரு ஆபீசில் ஒரு எழுத்துரு, பக்கத்து ஆபீசில் வேறொன்று. இங்கே ‘வழக்கு’ என்று அடித்தது அங்கே குப்பையாகத் திறக்கும். 1999-இல் டாம், டாப் என்று தரப்படுத்தினார்கள். 2010-இல்தான் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது. அதாவது பத்து இருபது வருஷம் தமிழில் தயாரான பிராதுகளும் வாக்குமூலங்களும், அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கருவியிலும் படிக்க முடியாத, தேட முடியாத பிரதிகளாகக் கிடக்கின்றன. ஆங்கிலப் பிரதிக்கு இந்த விபத்து நேரவில்லை.

இப்போது டேப்லட்டுக்கு வருவோம். ஐபேட் 2010-இல் வந்தது. கொரோனா வந்து 2020 மார்ச்சுக்குப் பிறகு விசாரணைகள் திரைக்குப் போனபோது அது வக்கீலின் கட்டாயக் கருவியாக ஆகத் தொடங்கியது. அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பழைய நீளத்தாளை விட்டு ஏ4 தாளுக்கு, இரண்டு பக்க அச்சுக்கு மாறியது. 2022 செப்டம்பரில் அங்கே ஓர் அரசியல் சாசன அமர்வு, தாளே வேண்டாம், எல்லாம் பிடிஎஃப்பில் நடக்கட்டும் என்றது. 2023-இல் மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆயிரம் பக்கக் கட்டு ஒரு விரல்நுனியில். பேனாவால் கண்ணாடிமேல் கோடு போடலாம், குறுக்கு விசாரணைக்கு அடையாளம் வைக்கலாம், ஒரு பெயரைத் தேடினால் எல்லாப் பக்கமும் வந்து நிற்கும்.

இதையெல்லாம் சந்தேகத்தோடு மட்டும் பார்ப்பது நேர்மையாகாது. முன்பு நல்ல வக்கீல் என்றால் நல்ல அலமாரி என்று பொருள். 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் தொகுதிகள் வரிசையாக நிற்கும் வீடு எந்தத் தெருவில், எந்தச் சாதியில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா, தாத்தா வக்கீலாக இல்லாத ஒரு பையன், முதல் தலைமுறையாகப் படித்து வந்த ஒரு பெண், சீனியர் வீட்டு அலமாரியின் தயவில்தான் தீர்ப்பைப் பார்க்க முடிந்தது. 2008-இல் இந்தியன் கானூன் தளம் தீர்ப்புகளை இலவசமாகத் தேடும்படி செய்தபோது அந்த அலமாரி உடைந்தது. செகண்ட்ஹாண்டில் வாங்கிய ஒரு டேப்லட் இன்று அந்தப் பெண்ணுக்கு மூன்று தலைமுறை நூலகம். இது சாதாரண விஷயமில்லை.

சரி, கட்சிக்காரர் எங்கே?

சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன ஊரின் கோர்ட்டு வாசலில் பார்த்தேன். பாகப்பிரிவினை வழக்குக்கு வந்த ஒரு கிழவி, ‘என் கட்டு எங்க தம்பி?’ என்று வக்கீலைக் கேட்டார். இளைஞர், நல்ல மாதிரி. டேப்லட்டைத் திருப்பிக் காட்டினார். ‘எல்லாம் இதுக்குள்ள இருக்கு பாட்டி.’ கிழவி கண்ணாடியை உற்றுப் பார்த்தார். ‘இது எப்ப எங்கிட்ட வரும்?’ என்றார். அவரிடம் பதில் இல்லை. கட்டு என்பது வெறும் தாள் இல்லை. வக்கீல் பிடிக்கவில்லை என்றால் வாங்கிக்கொண்டு இன்னொரு வக்கீலிடம் போகலாம். படிக்கத் தெரியாவிட்டாலும் படித்த பேரனிடம் காட்டலாம். ஃபீஸ் பாக்கிக்காகக்கூட வக்கீல் அந்தக் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்ணாடிக்குள் இருப்பதை எப்படி வாங்கிப் போவது? கடவுச்சொல்லையா கேட்பது?

இது கோர்ட்டு வாசலோடு நிற்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பழைய 207-ஆம் பிரிவு 230 ஆகியிருக்கிறது. பதினான்கு நாளுக்குள் நகல் தர வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள், நல்லது. கூடவே ஒரு வரி: ஆவணத்தை மின்வடிவில் தந்தால் முறைப்படி தந்ததாகவே கொள்ளப்படும். ஜெயிலில் இருப்பவர் கையில் எந்தக் கருவி இருக்கிறது? ஒரு பென்டிரைவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பிரதி தரப்பட்டது என்று பதிவாகும், படிக்கப்பட்டிருக்காது. 1955-இல் மடிக்கு வந்த கட்டு இப்படி ஒரே வரியில் மடியிலிருந்து இறங்கிப் போகலாம்.

மூன்றாவது கேள்வி பாக்கி. நாக்பூரில் தலித்துகளுக்காகவும் ஆதிவாசிகளுக்காகவும் வாதாடி வந்த வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங். பீமா கோரேகாவ் வழக்கில் 2018 ஜூனில் கைதானார். அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் அவருக்கு எதிரான சான்று. ஓர் அசல் வக்கீல் ஆபீசின் கம்ப்யூட்டர் அது. அதன் வன்தட்டின் நகல் எதிர்த்தரப்புக்குக் கிடைத்தது. அதை ஆராய்ந்த அமெரிக்க நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங், நெட்வயர் என்னும் உளவுநிரல் மூலம் இருபது மாதங்களுக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் வேறொருவர் பிடியில் இருந்தது, 14 கடிதங்கள் வெளியிலிருந்து நுழைக்கப்பட்டன என்று 2021-இல் அறிக்கை தந்தது. தெரிந்தவரிடமிருந்து வந்தது போன்ற மின்னஞ்சலைத் திறந்ததுதான் தொடக்கம். வக்கீல் தினமும் செய்கிற வேலை. அதே வழக்கில் ரோனா வில்சனின் கணினியைப் பற்றிய அறிக்கை இன்னும் விசித்திரமானது. அவரிடம் இருந்தது வேர்டு 2007. அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சில ஆவணங்கள் 2010 அல்லது 2013 வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. என்.ஐ.ஏ. இந்த முடிவுகளை ஏற்கவில்லை. ஆனால் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை செய்த கையெழுத்து ஒப்பீட்டை இங்கே வேர்டின் பதிப்பெண் செய்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

புதிய சாட்சியச் சட்டம் மின்ஆவணத்தோடு ‘ஹாஷ்’ எண்ணைக் குறித்த சான்றிதழ் கேட்கிறது. அந்த எண்ணைப் பதிந்த பிறகு கோப்பு மாறவில்லை என்பதற்கு அது சாட்சி. அதற்கு முன்னால் அந்தக் கோப்பை உள்ளே வைத்தது யார் என்பதற்குச் சாட்சி இல்லை. பல கோப்புகளாகச் சேமிக்கப்பட்டால் ஒவ்வொன்றும் முதல்நிலைச் சான்று என்றும் அதே சட்டம் சொல்கிறது. படியோலையும் மூலவோலையும் ஒன்றாகிவிட்டன. இந்த நிலையில் காட்லிங்குக்கு உதவியது ஒன்றே ஒன்றுதான்: அவர் தரப்புக்கு முழுப் பிரதி கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தால் கிழவர் காட்டியதே ஓலை.

எனவே டேப்லட் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. 2023-இல் மின்தாக்கலைக் கட்டாயமாக்க முனைந்தபோது தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். சர்வர், ஸ்கேனர், செலவு என்று அவர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. அந்தப் பட்டியலில் கிழவியின் கட்டும் இடம்பெற வேண்டும். கட்சிக்காரருக்குத் தன் வழக்கு தாளில், தன் மொழியில். சிறையில் இருப்பவருக்கு அச்சுப் பிரதி, அல்லது படிக்கக் கருவி. கணினியைக் கைப்பற்றினால் அன்றைக்கே முழு நகல் எதிர்த்தரப்புக்கு. இவற்றைக் கேட்பதற்குத் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரதி என்ற சொல்லைக் குமாஸ்தாவின் பொருளில் புரிந்துகொண்டால் போதும்.