யார் சொல் செல்லும்? காவிரிப் படுகை ஆசிரியரின் ஆங்கிலமும் அதை அளந்த கோல்களும்

தேர்வாளர் ஓர் அட்டையை நீட்டுகிறார். அதில் ஒரு தலைப்பு, அதன் கீழே சில குறிப்புகள். யோசித்து எழுதிக்கொள்ள ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம்வரை நிறுத்தாமல் பேச வேண்டும். எதிரே இருப்பவர் தலையாட்ட மாட்டார், திருத்தவும் மாட்டார். பேச்சு முழுக்கப் பதிவாகிக்கொண்டிருக்கும். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் பேச்சுப் பகுதி மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ பத்தாண்டு கணக்குப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியை ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர விரும்பினால், இந்தச் சில நிமிடங்களில் 9க்கு 8 எடுத்தாக வேண்டும். கேட்டலிலும் 8, வாசிப்பிலும் எழுத்திலும் 7. ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் அந்நாட்டு அமைப்பான ஏ.ஐ.டி.எஸ்.எல். வகுத்த அளவு இது. ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நான்காண்டு உயர்கல்வி பெற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் ஊர்ப் பட்டம் முழுக்க ஆங்கில வழியில் பெற்றதாக இருந்தாலும் இந்த விலக்கில் சேராது.

ஓர் ஆசிரியருக்கு ஆங்கிலம் வரும் என்று யார் சொன்னால் உலகம் ஏற்கும்? தஞ்சைப் பகுதியில் இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய பத்தாண்டுக்குள், 1716இல், ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றும் பள்ளி அங்கே தொடங்கிவிட்டது. ஆனால் அது தமிழ்ப் பள்ளிகளுக்கான ஏற்பாடு. ஆங்கிலம் கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்ட மாகாணப் பள்ளிகள் 1780களின் நடுவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் எழுந்தன. தஞ்சை அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன் திட்டம் தந்தார். பாதிரியார் சுவார்ட்ஸ் நடத்திக் காட்டினார். 1787இல் கம்பெனி இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கினார்கள். சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி பின்னாளில் ஆங்கில நூல்களைத் தேடித்தேடிச் சேர்க்கும் மன்னரானார். அன்று ஒருவரின் ஆங்கிலத்துக்கு அத்தாட்சி ஒரு மனிதரின் வாய்ச்சொல். ‘இவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்’ என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் மனிதரின் இடத்தைப் பட்டம் பிடித்துக்கொண்டது. கும்பகோணத்தில் 1854இல் பள்ளியாகத் தொடங்கிய அரசு நிறுவனம் 1867இல் கல்லூரியாக உயர்ந்தது. ‘தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர் வாங்கியது. பி.ஏ. முடித்து, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்குப் போய், எல்.டி. பட்டத்தோடு திரும்பி வருபவருக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. அந்தக் கோலின் கடுமைக்கு இராமானுஜனைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் 1905இல் அதை இழந்தார். கணித மேதையையே ஆங்கிலத் தாள் தடுத்து நிறுத்திய ஊர் அது.

அதே கல்லூரியில் படித்த இன்னொருவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலங்கைமானில் 1869இல் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. மாயவரத்தில் பள்ளி ஆசிரியராக வேலை தொடங்கினார். பிறகு சேலத்திலும் சென்னையிலும் கற்பித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ‘வெள்ளிநாக்குப் பேச்சாளர்’ என்று ஆங்கிலேயரே அவரைப் புகழ்ந்தார்கள். அவருக்கு ஆங்கிலத்துக்கென்று தனித் தகுதித் தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை. அவர் பேசியதைக் கேட்டவர்களே சான்று தந்தார்கள். 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் முகவராகப் போனபோது அவர் கையிலெடுத்த பெரிய வேலை இந்தியப் பிள்ளைகளின் கல்விதான். அங்கே குடியேறிய நம்மவர்களிடம் நிதி திரட்டி, டர்பனில் உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு வழி செய்தார். 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி அது. டெல்டாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட ஆசிரியரின் ஆங்கிலம், கடல் கடந்து ஒரு சமூகத்துக்கே ஆசிரியர்களை உருவாக்கும் இடமாக நிலைத்தது. இந்த நிகழ்ச்சியை நம் கல்வி வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

சாஸ்திரி பயணப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கேம்பிரிட்ஜில் ஒரு விதை விழுந்துவிட்டது. ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் பிறநாட்டவருக்காக 1913இல் அங்கே ஒரு சான்றிதழ்த் தேர்வு தொடங்கினார்கள். மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதுதல், உரத்து வாசித்தல், உரையாடல் எனப் பன்னிரண்டு மணி நேரத் தேர்வு. கட்டணம் மூன்று பவுண்டு. எழுத வந்தவர்கள் மூவர், மூவருமே தேறவில்லை. இன்று உலகமெங்கும் மாணவர்களும் செவிலியர்களும் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளின் முன்னோடி, ஆசிரியர்களுக்கென்றே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேச வைத்து அளக்கும் முறையும் அதிலேயே இருந்தது.

இங்கே, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் இந்த வட்டாரத்திலிருந்து போனவர்கள் ஏராளம். அங்கே தோட்டப் பள்ளி வாத்தியாருக்குத் தமிழ் போதும். ஆங்கிலம் வேண்டிய பதவிகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறைந்திருந்தார்கள்.

உண்மையான ஆசிரியப் பெயர்ச்சி விடுதலைக்குப் பிறகுதான். 1950கள் தொடங்கி எத்தியோப்பியப் பள்ளிகள் இந்திய ஆசிரியர்களை அழைத்தன. 1970களில் எண்ணெய் வளம் பெருகிய நைஜீரியா, 1976இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தபோது வாத்தியார்களுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. சாம்பியா, மாலத்தீவு, பூடான் என்று பட்டியல் நீளும். பி.எஸ்சி., பி.எட். இரண்டும் கையில் இருந்து, நேர்காணலில் நான்கு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்ற காலம் அது. தனித்த ஆங்கிலத் தேர்வு யாரையும் வழிமறிக்கவில்லை. 1978இல் தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது.

பிரிட்டனில் நிலைமை வேறு. 1960களில் அங்கே குடியேறிய இந்தியப் பட்டதாரி ஆசிரியர்கள் பலர், உச்சரிப்பு புரியவில்லை என்ற காரணத்தால் வகுப்பறைக்குள் நுழைய முடியாமல் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். பட்டத்தின் சொல் செல்லாமல் போவது அங்கேதான் தொடங்குகிறது. 1964இல் அமெரிக்காவில் டோஃபல், 1980இல் பிரிட்டனில் இ.எல்.டி.எஸ்., அதன் வழித்தோன்றலாக 1989இல் ஐ.இ.எல்.டி.எஸ். என்று அளவுகோல்கள் வரிசையாக வந்தன. பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்காக வந்த கோலைக் குடியேற்றத் துறைகளும் ஆசிரியர் பதிவு அமைப்புகளும் கையில் எடுத்துக்கொண்டன. மதிப்பெண்ணுக்கு இரண்டாண்டு ஆயுள் என்ற விதியும் சேர்ந்தது. எல்.டி. பட்டம் சாகும்வரை செல்லும். இந்த மதிப்பெண் இரண்டு குறுவைக்குள் காலாவதியாகிவிடும்.

அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 2023 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்து தன் ஆசிரியர் தகுதிக்கு இந்தியர்களும் விண்ணப்பிக்க வழி திறந்தது. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதமோ அறிவியலோ மொழிப்பாடமோ நடத்தத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். ஆங்கிலம் ஐரோப்பிய அளவுகோலில் பி2 நிலை. ஐ.இ.எல்.டி.எஸ். கணக்கில் அது 5.5க்கு அருகே வரும். ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றையும் ஏற்கிறார்கள். ஆஸ்திரேலியா கேட்கும் 8க்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரே வேலை, ஒரே வகுப்பறை, ஒரே கணக்குப் பாடம். ஆங்கில அளவு மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத தொலைவில் மாறுகிறது. எனவே இந்த எண்கள் வகுப்பறைத் தேவையை மட்டுமே அளக்கின்றன என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையும் குடியேற்றக் கொள்கையும் சேர்ந்தே அவற்றை நிர்ணயிக்கின்றன.

நம் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. கிராமத்துப் பிள்ளைகளை அரசுப் பள்ளி ஆசிரியராக்கிய நல்ல சட்டம் அது. அதே ஆசிரியர் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரி ஆங்கில வழிச் சான்று தர முடியாது. தேர்வு ஒன்றே வாசல். ஆனால் தமிழ்வழியைக் குறை சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆங்கில வழியில் படித்தவரும் பேச்சுப் பகுதியில்தான் தடுமாறுகிறார். காரணம் எளியது. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை நம் பொதுத்தேர்வுகள் ஆங்கிலத்தை எழுத்தில் அளக்கின்றன. வாய் திறந்து பேசியதற்கு, காது கொடுத்துக் கேட்டதற்கு என்று தனித் தேர்வு கிடையாது. இத்தனை ஆண்டு யாரும் கேட்காத ஒன்றை, 11 நிமிடத்தில் 8க்குக் கேட்கிறார்கள்.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. தேர்வுக் கட்டணமே 17,000 ரூபாய்க்குக் குறைவில்லை. பயிற்சி மையத்துக்குத் தனிச் செலவு. ஒரு பகுதியில் அரைப் புள்ளி குறைந்தால் மறுபடியும் தேர்வு. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைக்கு ஒரு முறை எழுதுவதே ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விடும். ஆதிதிராவிட, பழங்குடி இளைஞர்களுக்கு தாட்கோ வழியாக அரசு இத்தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறது. மற்றவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள்.

பிள்ளைக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்பது நியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் திறனை வளர்க்கும் பொறுப்பைப் பயிற்சி மையங்களிடம் விட்டுவிட்டதுதான் தவறு. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது, நேரம் இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகும் ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் தம் பாடத்தை ஆங்கிலத்திலும் சில வாரம் நடத்தி, அதற்கு வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் பெறும்படி தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும். முதல் சுற்றைத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளில் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.