உப்புக் காற்றில் நிற்கும் மின்கோபுரங்கள்



மொட்டை மாடியில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்தால் வரிசையாக மின்கோபுரங்கள் தெரியும். அவற்றின் கதை இது.

1944-இல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். 1974-இல் புதிய துறைமுகம் திறந்தபின் நிலக்கரிக் கப்பல்கள் வர வழி பிறந்தது. 1979-இல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 1992-க்குள் 5 அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். இடையே 1986-இல் முள்ளக்காட்டில் காற்றாலைகளும் சுழலத் தொடங்கின.

அனல் நிலையத்திலிருந்து கிளம்பும் கம்பிகளின் அழுத்தம் 2,30,000 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டைப் போல ஆயிரம் மடங்கு. அழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும். வழியில் வீணாவதும் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

கம்பியைத் தாங்கும் பீங்கான் வட்டுகளைக் கவனியுங்கள். முத்துக்குளித்த இந்தக் கரையில் உப்புக்குப் பஞ்சமில்லை. அது வட்டுகளில் படிந்து பனியில் நனைந்தால், மின்சாரம் அதன் வழியே கோபுரத்துக்குத் தாவும், லைன் துண்டாகும். அதனால்தான் வட்டுகளை அவ்வப்போது கழுவித் துடைக்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

அதிகாலையில் கரண்ட் போனால், திட்டுவதற்கு முன் அந்த ஊழியர்களை ஒரு நிமிடம் நினையுங்கள். பிள்ளைகளையும் கம்பிப் பக்கம் பட்டம் விட அனுப்பாதீர்கள்.